தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை

கோத்தகிரிக்கு அருகே ஓர் எஸ்டேட்டிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருடைய அப்பா சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். கோவையில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். தம்பி மூன்று கேள்விகள் கேட்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் ஓரிடத்தில் 'டி-12 முறிவு' என்றும் இன்னோரிடத்தில் 'நரம்பு நிலை எல்-3' என்றும் போட்டிருக்கிறது, எதை நம்புவது? பஞ்சால் காலைத் தொட்டால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சரியாகச் சொல்லும் அப்பா, போன வாரம் நெருப்புச் சட்டியில் வலது பாதத்தின் வெளி ஓரம் பட்டுக் கொப்புளித்தது தெரியாமலே உட்கார்ந்திருந்தாராம், அது எப்படி? தினமும் நீலகிரித் தைலம் தேய்த்தால் உணர்ச்சி திரும்புமா?

தம்பி, முதலில் அந்தப் புண்ணைக் கவனியுங்கள். மஞ்சள், பற்பசை, தைலம் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்கவில்லை என்று அப்பா சொல்வதை வைத்துப் புண் சின்னது என்று முடிவு கட்டவும் வேண்டாம். சுட்டதை நமக்குச் சொல்வது வலி, அவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியிலோ அரசு மருத்துவமனையிலோ நாளைக்கே காட்டிவிடுங்கள். மீதியை அதற்கப்புறம் படிக்கலாம்.

இனி எண்கள். தாளில் தப்பே இல்லை, இரண்டும் சரி. டி-12 என்பது எலும்பின் எண், எல்-3 என்பது நரம்பின் எண். எலும்பும் நரம்பும் ஒரே பெயர்வரிசையைப் பங்குபோட்டுக்கொள்வதால் வரும் குழப்பம் இது. இதில் படித்தவர்களே தடுமாறுவார்கள்.

நம் முதுகெலும்புத் தொடரில் கழுத்தில் 7 எலும்பு (தாளில் 'சி'), விலா எலும்புகள் வந்து சேரும் மார்புப் பகுதியில் 12 ('டி'), இடுப்பில் 5 ('எல்'). அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒட்டி ஒரே திருவெலும்பாகி ('எஸ்'), கடைசியில் வாலெலும்பு. ஆணின் உடம்பில் இந்தத் தொடர் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம். இதற்குள்ளே இருக்கும் தண்டுவடமோ 45 சென்டிமீட்டர்தான். சுண்டுவிரல் பருமன், ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை, அவ்வளவுதான் மொத்தமும். மண்டையோட்டின் அடித்துளையில் தொடங்கும் அது, வளர்ந்த மனிதரில் இடுப்பின் முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவிலேயே கூம்பி முடிந்துவிடுகிறது.

குறை வந்ததால் சிறுத்தது இல்லை. தாயின் வயிற்றில் மூன்றாம் மாதம் வரை தண்டுவடமும் எலும்புக் குழாயும் ஒரே நீளம்தான். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு எல்-3 எலும்பு வரை இருக்கும் நுனி, பெரியவர்களுக்கு எல்-1, எல்-2 என்று மேலே போய்விடுகிறது. ஆனால் எந்த நரம்பு எந்த எலும்பின் இடுக்கு வழியாக வெளியே வர வேண்டும் என்பது கருவிலேயே நிச்சயமாகிவிட்டதால், மேலே கிளம்பிய நரம்பு தன் வாசலைத் தேடி எலும்புக் குழாய்க்குள்ளேயே நெடுந்தூரம் இறங்கி வர வேண்டியிருக்கிறது. கீழ்நரம்புகள் எல்லாம் அப்படி ஒன்றாகத் தொங்குவது குதிரையின் வால் மாதிரி இருக்கும். மருத்துவத்தில் அதன் பெயரே குதிரைவால்தான்.

உங்கள் எஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர் மேலே ஃபாக்டரிப் பக்கம் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஒயர்கள் சரிவில் இறங்கிக் கீழே லைன் வீடுகளுக்குப் போகும். ஆடிக் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து மேலே கம்பத்தின் மேல் விழுந்தால் கம்பத்தடி வீட்டில் மட்டுமா இருட்டாகும்? அங்கிருந்து ஒயர் வாங்கும் கடைசி லைன் வீடு வரை இருட்டுதான். அப்பாவுக்கு உடைந்தது டி-12 எலும்பு. ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் தண்டுவடத் துண்டைக் கண்டம் என்போம். ஆனால் அந்த எலும்புக்குள்ளே அந்த உயரத்தில் இருப்பது டி-12 நரம்பின் கண்டம் இல்லை. கால்களுக்கான எல்-3, எல்-4, எல்-5, எஸ்-1 கண்டங்கள் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பகுதியில் தண்டுவடமே சற்றுத் தடித்திருக்கும். அடி விழுந்தது அந்தக் கம்பத்தில்.

'நரம்பு நிலை எல்-3' என்றால் அதுவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எல்-4 தொடங்கிக் குறை என்று பொருள். இதை நீங்களே ஒத்துப்பார்க்கலாம். தொடையை மேலே தூக்குவது எல்-2. முட்டியை நீட்டுவது எல்-3. கணுக்காலை மடக்கிப் பாதத்தை மேல்நோக்கித் தூக்குவது எல்-4. கால் கட்டைவிரலை நிமிர்த்துவது எல்-5. நுனிக்காலில் நிற்க வைப்பது எஸ்-1. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அப்பா முட்டியை நன்றாக நீட்டுவார், நடக்கும்போது பாதம் மட்டும் தொங்கி, செருப்பு நுனி தரையில் உரசும். அப்படித்தான் இருக்கிறது என்றால் பாதத்தைத் தாங்கும் ஏ.எஃப்.ஓ. ஸ்பிளின்ட் அவருக்கு உதவும். உள்ளே மென்மையான பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உணர்ச்சியில்லாத காலில் ஸ்பிளின்ட்டின் விளிம்பே புண்ணாக்கிவிடும்.

கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்டால் பயன்படும். முதல் ஏழு நரம்புகள் தத்தம் எலும்புக்கு மேலே வெளியே வருகின்றன, எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழே. அதிலிருந்து எல்லாம் தன் எலும்புக்குக் கீழேதான். 8, 12, 5, 5, வாலெலும்பில் 1. மொத்தம் 31 ஜோடி.

இரண்டாவது கேள்விக்கு நேரம் எடுத்துச் சொல்ல ஆசை. குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்களில் இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி பார்க்கிறேன். வீட்டுக்காரர்களை இதைவிடக் குழப்பும் விஷயம் வேறு கிடையாது. "தொட்டால் தெரிகிறதே, அப்புறம் எப்படிச் சுட்டது தெரியாமல் போகும்? வேண்டுமென்றே பேசாமல் இருந்துவிட்டாரோ" என்று நோயாளிமேலேயே சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா சொல்வது முழுக்க உண்மை.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவத்தில் சாம்பல் நிறப் பகுதி, சுற்றிலும் வெள்ளைப் பகுதி. மூளையில் இது தலைகீழ்: சாம்பல் வெளியே, வெள்ளை உள்ளே. சாம்பலில் நரம்புச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, வெள்ளை என்பது மேலும் கீழும் ஓடும் இழைகள். ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர். பின்வேர் செய்தியை உள்ளே கொண்டுவரும், முன்வேர் கட்டளையை வெளியே கொண்டுபோகும். 1811-இல் சார்லஸ் பெல்லும், 1822-இல் பிரான்சுவா மஜாந்தியும் கண்டறிந்த இந்தப் பாகுபாடுதான் நரம்பியலின் அடித்தளம்.

பின்வேர் வழியாக உள்ளே வந்த செய்திகள் எல்லாம் ஒரே பாதையில் மேலே போவதில்லை, எல்லாமே இங்கேதான் இருக்கிறது. பஞ்சு பட்டது, அதிர்வு, மூட்டு எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்ற செய்தி ஆகியவை தண்டுவடத்தின் முதுகுப்பக்கம் உள்ள தூண்களில் ஏறி, வந்த பக்கத்திலேயே மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை போய், அங்கேதான் மறுபக்கம் மாறுகின்றன. வலியும் சூடும் குளிரும் அப்படி இல்லை. உள்ளே நுழைந்த இடத்திலேயே சாம்பல் பகுதியில் வேறொரு செல்லிடம் செய்தியை ஒப்படைக்கும். அந்தச் செல்லின் இழை ஒன்றிரண்டு கண்டங்களுக்குள்ளாகவே மறுபக்கம் கடந்து, தண்டுவடத்தின் முன்பக்க ஓரமாக மேலே ஏறும். ஆக, ஒரே பாதத்தின் ஒரே அங்குலத் தோலிலிருந்து கிளம்பும் 'தொட்டது' என்ற செய்தியும் 'சுட்டது' என்ற செய்தியும் தண்டுவடத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று முதுகோரமும் இன்னொன்று வயிற்றோரமுமாகப் பயணம் செய்கின்றன.

இப்போது விழுந்த விதத்தைப் பாருங்கள். உயரத்திலிருந்து காலூன்றியோ உட்கார்ந்த வாக்கிலோ விழும்போது உடம்பின் பாரம் முழுவதும் முள்ளெலும்பின் பருத்த உடல்பகுதியில் இறங்குகிறது. விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கும் மார்புப் பகுதியும் தாராளமாக வளையும் இடுப்பும் சந்திக்கும் டி-12, எல்-1 எலும்புகளே இப்படி அதிகம் நொறுங்குகின்றன. எலும்பின் அந்தப் பருத்த பகுதி தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கிறது. நொறுங்கிய துண்டு பின்னோக்கித் தள்ளப்படும்போது முதலில் முட்டுவது தண்டுவடத்தின் முன்பக்கத்தை. வலியும் சூடும் போகும் பாதை அங்கே, தசைகளை அசைக்கச் சொல்லும் கட்டளை புறப்படும் செல்களும் அங்கே. முதுகுப்பக்கத் தூண்கள் தப்பித்துவிட்டன. இரத்த ஓட்டமும் இதே கணக்குதான்: தண்டுவடத்தின் முன் மூன்றில் இரண்டு பங்குக்கு நடுவே ஓடும் ஒற்றைத் தமனிதான் ஆதாரம். பின்பக்கத்துக்கு வேறு இரண்டு தமனிகள் உண்டு. அந்த ஒற்றைத் தமனிக்குக் கீழ்ப்பகுதியில் இரத்தம் கொடுக்கும் பெரிய கிளை, பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் டி-9-க்கும் டி-12-க்கும் இடையிலேயே நுழைகிறது. அப்பா விழுந்ததில் அடிபட்ட வட்டாரம் அது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்தவரைக் கம்பளியில் போட்டு நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கிச் சரிவில் ஓடிவருவார்கள். அன்புதான் காரணம், ஆனால் கம்பளியில் முதுகு தொட்டிலாக வளையும்போது உடைந்த எலும்புத் துண்டு இன்னும் பின்னே போகிறது. கதவுப் பலகையோ பெஞ்சோ எடுத்து வாருங்கள். தலை, தோள், இடுப்பு, கால் நான்கையும் ஆளுக்கொருவர் பிடித்து, ஒரே சொல்லில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே துண்டாக உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள். தலையைப் பிடிப்பவர்தான் சொல் கொடுக்க வேண்டும். 108 வர முக்கால் மணி நேரம் ஆனாலும் அசைக்காமல் போர்த்தி வைத்துக் காத்திருப்பது மேல்.

தொடுவதும் வலியும் வேறு வேறு என்பதை நம்ப முடியவில்லையென்றால், வீட்டில் முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்துகொண்ட பெண்களிடம் கேளுங்கள். "கை வைத்து அமுக்கியது தெரிந்தது, பிள்ளையை இழுத்தது தெரிந்தது, வெட்டியது மட்டும் தெரியவில்லை" என்பார்கள். அங்கே காரணம் வேறு: வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெலியவை, மருந்து அவற்றை முதலில் முடக்கும், தொடு உணர்வின் தடித்த இழைகள் அதிக நேரம் தாங்கும். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த முறை அது. தண்டுவடத்தில் ஊசி குத்திவிடுமே என்ற பயமும் வேண்டாம். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, அதே மட்டத்தில் கட்டைவிரல்களை முதுகில் சேர்த்தால் அது எல்-4 எலும்பின் மட்டம். அதையொட்டித்தான் ஊசி போடுவார்கள். தண்டுவடம் அதற்கு இரண்டு எலும்பு மேலேயே முடிந்துவிட்டது. அங்கே திரவத்தில் மிதக்கும் குதிரைவால் இழைகள் ஊசி நுனி வந்தால் விலகிக்கொள்ளும்.

இனி அந்த நெருப்புச் சட்டி.

ஒரு நல்ல காலில் என்ன நடக்கும்? தோல் 43 டிகிரியைத் தாண்டியதும் மெல்லிய நரம்பு நுனிகளில் இருக்கும் ஒரு நுண்வாசல் திறக்கிறது. செய்தி தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனேயே, மூளையிடம் உத்தரவு கேட்காமல், அந்தக் கண்டமே தசைக்குக் கட்டளை கொடுத்துக் காலை இழுத்துவிடும். 'ஐயோ சுட்டுவிட்டது' என்பது மூளைக்குத் தெரிவது அதற்கப்புறம். எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகாது, தொடு உணர்வு விநாடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் ஓடும். கல்லில் கால்விரல் இடித்தால் 'பட்டது' முதலில் தெரிந்து, ஒரு மூச்சு விட்ட பிறகு வலி பொங்கி வருவது இதனால்தான்.

அப்பாவுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் போய்விட்டன. மேலே போகும் பாதையும் அடைபட்டது, காலை இழுத்துக்கொள்ளும் எல்-4 முதல் எஸ்-1 வரையிலான கண்டங்களும் அடிபட்டவை. இன்னும் மேலே, மார்பு மட்டத்தில் அடிபட்டவர்களுக்குக் கீழ்க்கண்டங்கள் உயிரோடு இருப்பதால், குத்தினால் கால் தானாக வெட்டி இழுக்கும். குடும்பமே 'கால் வந்துவிட்டது' என்று அழுது மகிழ்வதைப் பார்க்க மனம் கனக்கும். அவர் நினைத்து அசைக்கும்போது அசைந்தால்தான் அது திரும்பி வந்த அசைவு. நாம் தொட்டதும் துள்ளினால் அது தண்டுவடம் தானாகச் செய்யும் வேலை.

சுடுவதற்குப் பெரிய நெருப்பும் வேண்டியதில்லை. 44 டிகிரி என்பது கைக்கு இதமான சூடு. அதே சூடு சில மணி நேரம் ஓரிடத்தில் ஒட்டியிருந்தால் தோல் வெந்துவிடும். நமக்கு ஐந்து நிமிடத்தில் உறுத்தும், தூக்கத்திலேயே காலை நகர்த்திவிடுவோம். அவர் நகர்த்த மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போன ஒரு பெரியவருக்கு நடைப்பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கணப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். ஜனவரி உறைபனி. கம்பளிக்குள் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் அவர் மருமகள் கம்பளியை விலக்கியபோது குதிகால் தோல் பையோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அந்தக் குதிகாலுக்கு நான்கு மாதம் கட்டுப்போட்டோம். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நெருப்பு எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் தம்பி, நெருப்புச் சட்டி அப்பா இருக்கும் இடத்திலிருந்து ஒரு ஆள் நீளமாவது தள்ளி இருக்கட்டும். வெந்நீர்ப் பை அவருக்கு வேண்டவே வேண்டாம், இரண்டு கம்பளிச் சாக்ஸ் போதும். குளிக்கும் வெந்நீரை அவர் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்கட்டும். மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்குவது வீட்டில் யாருக்குமே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நம்முடைய எந்தப் புலனும் அதைக் கண்டுபிடிக்காது.

அப்பாவுக்கு இழப்பு நேர்ந்திருப்பது இடுப்புக்குக் கீழே மட்டும். பார்வை, கேட்கும் திறன், மணம், சுவை, காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, முகத்தின் தொடு உணர்ச்சி, இவை எவையும் தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளின் பொறுப்பு அவை. ரிவ்யூவுக்குப் போகும்போது மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் அவருக்குக் காது அடைத்துத் தலை சுற்றினால் அது முதுகின் கோளாறு இல்லை, நமக்கெல்லாம் வருவதுதான். தோல் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும், இனி அவர் பாதத்துக்குக் காவல் அவர் கண்தான். தினமும் இரவு படுக்கும்முன் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு, உட்காரும் இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் விரலால் அமுக்கினால் வெளுக்காவிட்டால், அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கால் மணி, அரை மணிக்கொருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்கட்டும். அட்டை கடித்ததும் அவருக்குத் தெரியாது, தோட்டத்துப் பக்கம் போய்வந்தால் அதையும் பாருங்கள்.

அவருக்கு மிச்சமிருப்பதும் சின்னதில்லை. பாதம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் அவருக்குத் தெரியும். பின்தூண்கள் தப்பியதால் கிடைத்த வரம் அது. அந்தத் தூண்கள் கெட்டவர்கள், உதாரணமாக பி-12 சத்துக் குறைவு முற்றியவர்கள், தசையில் வலுவிருந்தும் இருட்டிலும் மூடுபனியிலும் நடக்க முடியாமல் தள்ளாடுவார்கள். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் சாய்ந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் அப்பா வாக்கர் பிடித்து நடந்தது அந்தத் தூண்களின் தயவு.

தைலத்துக்கு வருகிறேன். இந்த மலையின் பெயரையே தாங்கிய தைலத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சளிக்கும் தசைப்பிடிப்புக்கும் எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் தேய்த்ததும் வரும் அந்த 'ஜில்' உணர்வு உண்மையான குளிர் இல்லை. தோலில் குளிரை அறியும் நுண்வாசல் ஒன்று இருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெயில் உள்ள சினியோல் அதைத் திறந்துவிடுகிறது, புதினாவின் மென்தாலும் அப்படித்தான். நரம்பு 'குளிர்கிறது' என்று செய்தி அனுப்புகிறது, தோலின் வெப்பம் மாறவில்லை. மிளகாயின் காரம் இதே மாதிரி, சூட்டை அறியும் வாசலைத் திறக்கிறது. நாக்கு 'எரிகிறது' என்கிறது. அந்தச் சூட்டு வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்தத்தை அறியும் வாசலைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூடியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆகத் தைலம் வேலை செய்வது தோலில் இருக்கும் வாசலில். அப்பாவின் அடைப்பு இருப்பது முதுகில். வாசலில் எவ்வளவு தட்டினாலும் நடுவழியில் பாதை துண்டான இடம் அதனால் சேராது. ஜில்லென்று தெரியவில்லையே என்று இன்னும் இன்னும் ஊற்றித் தேய்த்து, தோல் கன்றிக் கொப்புளித்தவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தோல் வறண்டு வெடிக்காமல் இருக்கும், தடவும் சாக்கில் பாதத்தைப் பார்த்ததாகவும் ஆகும்.

உணர்ச்சி திரும்புமா? டி-12 மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு சிறு சாதகம் இருக்கிறது. அந்த இடத்தில் தண்டுவடமும் உண்டு, மேலிருந்து தொங்கி இறங்கும் நரம்பு வேர்களும் உண்டு. தண்டுவடத்தின் இழை அறுந்தால் மீண்டும் முளைப்பது மிக அரிது. வேர்கள் வெளிநரம்பின் குணம் கொண்டவை, நசுங்கியிருந்தால் தேறி வரும். வெளிநரம்பின் இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளரும். முதுகிலிருந்து பாதம் ஒரு மீட்டர், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பகுதித் தேறுதல் முதல் ஆறு மாதத்திலும், அதற்குப் பின் மெதுவாக ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரையிலும் வரும். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா என்பது இதில் முக்கியமான அறிகுறி. டாக்டர் அங்கே சோதிப்பதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.

ஏன் அங்கே? நாம் எருமையைப்போல நான்கு காலில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். தலையிலிருந்து வால் வரை தோலில் கோடு கோடாகப் பட்டை போட்டால் வரிசை பிசகாமல் வரும்: கைக் கட்டைவிரல் சி-6, முலைக்காம்பு டி-4, தொப்புள் டி-10, முன்தொடை எல்-2, எல்-3, கால் கட்டைவிரல் பக்கம் எல்-5, சுண்டுவிரல் ஓரம் எஸ்-1, கடைசியில் வால் முளைக்கும் இடத்தைச் சுற்றி எஸ்-4, எஸ்-5. உடம்பின் கடைசி வீடு அதுதான். கடைசி வீட்டில் வெளிச்சம் இருந்தால் ஒயர் முழுதாக அறுபடவில்லை. சிறுநீரும் மலமும் கட்டுப்படுவதும் எஸ்-2 முதல் எஸ்-4 வரையிலான கண்டங்களால்தான். குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கச் சொல்லியிருந்தால் அந்த நான்கு முதல் ஆறு மணி நேரக் கணக்கைத் தவறவிடாதீர்கள், சிறுநீரகத்தைக் காப்பது அந்தக் கணக்கு.

இந்தப் பட்டைகளை நம் ஊர்க்காரர்கள் வேறு பெயரில் அறிவார்கள். அக்கி வந்து பார்த்திருப்பீர்கள். முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி, நெஞ்சின் நடுக்கோட்டில் வெட்டினாற்போல் நின்றுவிடும். ஒரு பின்வேர் முடிச்சில் ஒளிந்திருந்த அம்மைக் கிருமி அந்த ஒரே நரம்பின் வழியாக இறங்கி வருவதால் அந்தப் பட்டை. 1900-இல் ஹென்றி ஹெட், காம்ப்பெல் என்ற இருவர் அக்கி கண்டவர்களின் உடம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரைபடத்தைத் தீட்டினார்கள். குயவர் காவி கரைத்து அக்கி எழுதிய கோடுகளும் அதே பட்டையில்தான் போயிருக்கும். அக்கிக்கு முதல் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் நல்ல மாத்திரை இருக்கிறது.

அப்பா சுட்டுக்கொண்ட பாதத்தின் வெளி ஓரம் எஸ்-1 பட்டை. எல்-3 வரை மட்டுமே ஒழுங்கு என்ற தாளின் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. வீட்டில் நீங்கள் சோதிக்கும்போது நெருப்பும் வெந்நீரும் வேண்டாம். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று, பஞ்சு ஒன்று, மழுங்கிய குண்டூசி ஒன்று போதும். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, முதலில் கன்னத்தில் வைத்து இது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பிறகு தொடையிலிருந்து இறங்கி வாருங்கள். கூர்மை எங்கே மழுங்குகிறதோ அங்கே தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்து, தேதி எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை போதும். அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் அந்தப் போட்டோக்களைக் காட்டுங்கள். கோடு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தாலும் எனக்கும் எழுதுங்கள்.